கார்ட் ரோடும் குறுக்கும்

ஜூன் 16, திங்கள்

விடியுமுன்னே மழை. பால் வெட்டு இல்லை. ரப்பர் மரங்களுக்குப் பொலித்தீன் பாவாடை கட்டியிருந்தும் பட்டை நனைந்துவிட்டதாம். கங்காணி, காலையில் பேர் பதியும் பிரட்டுக் களத்திலேயே எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார். மற்றவர்கள் முகம் தொங்கிப் போனது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். மழை நாள் என்றால் எனக்குச் சைக்கிள் நாள்.

மேல்மலை வரை இரண்டு தடவை ஏறி இறங்கினேன். இரண்டாம் இறக்கத்தில், ரோடு வளையும் ரப்பர் ஸ்டோர் முடக்கில், வழுக்கி விழுந்தேன். முழங்கைத் தோல் போய்விட்டது. எழுந்ததும் முதலில் சைக்கிளைத்தான் பார்த்தேன். அதற்கு ஒன்றுமில்லை. பிறகு கையைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சைக்கிள் ஓட்டம். ரம்புக்கனையில் தொடக்கம், எம்பிலிப்பிட்டியவில் முடிவு. மூன்று பகல். தார் ரோடு கொஞ்சம்தான். மற்றதெல்லாம் தோட்டப் பாதை, காட்டுப் பாதை, ஆற்றங்கரை. வேண்டுமென்றே மழைக்காலத்தில் வைக்கிறார்கள். கொழும்பு ஆட்களுக்குக் கஷ்டப்படுவதற்கும் ஒரு சீசன் வேண்டும் போல.

இருவர் இருவராக ஓட வேண்டும். என் ஜோடி பர்ஹானா. ருவான்வெல்லை பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காசிம் நானாவின் மகள். ஒருத்தி நின்றால் மற்றவளும் நின்ற கணக்கு. போன வருஷம் அப்படித்தான் ஆனது. இரண்டாம் நாள், இரத்தினபுரிக்குக் கிட்ட, வாந்தியும் வயிற்றோட்டமும். நின்றது நான். என்னால் அவளும் நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவளுக்கும் சேர்த்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சொன்னார்கள். பால் கிலோ குறைந்தால் அன்றைக்கு அரை நாள் சம்பளம்தான், அரைப்பேர் என்போம். அதுவே எனக்குப் பட்டப்பெயராகிவிட்டது. பீலித் தண்ணீருக்குக் குடத்தோடு போய் நின்றால், "அரைப்பேரு வருது, எடம் விடுங்கடி." சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். குடம் நிறையுமுன்னே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

முதலாவதாக வர ஆசை இல்லை. முடித்தால் போதும். இந்தத் தடவை முடித்தே ஆக வேண்டும்.

மகள் தர்ஷினிக்குச் சளி. ஸ்கூலுக்கு அனுப்பவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மழை விட்டு விட்டு. மதியத்துக்கு மேல் பஜார். சைக்கிளைப் பர்ஹானா தலைகீழாக நிறுத்தி வைத்திருந்தாள். பிரேக் கட்டை புதுசு. செயின் புதுசு. பின்சில்லுக்கு முள் அதிகமுள்ள டயர். கை முழுக்கக் கிரீஸ், முக்காட்டில் ஒரு கிரீஸ் கோடு.

இவளைத் தெரிந்ததே பங்சரால்தான். நான் மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் மூட்டையைப் பழைய சைக்கிளில் கட்டிக்கொண்டு பஜாருக்கு வருவேன். வாரம் ஒரு பங்சர். ஒரு நாள் சலித்துப்போய், "அக்கா, ஒங்கட ரோட்ட மாத்துங்கோ, இல்லாட்டி சைக்கிள மாத்துங்கோ" என்றாள். ரோட்டை மாற்ற முடியாது. சைக்கிளை அவளே கட்டிக் கொடுத்தாள். மூன்று சைக்கிள்களின் எலும்புகள் அதில் இருக்கின்றன.

கடைக்கு வந்த ஒருவர் (வெற்றிலை வாய், குடை) என்னைக் காட்டிக் காசிம் நானாவிடம்: "இந்தப் பொம்பளையோடயா மகள அனுப்புறீங்க?"

நானா டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே: "இல்ல. மகளோடதான் அவங்கள அனுப்புறன். பாரத்துக்கு ஆள் வேணுமே."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பைப் பற்றிய கேலி பிடிக்காது, ஆனால் நானாவின் மேல் கோபம் வராது.

கொண்டுபோக: டியூப் நாலு. பம்ப் ஒன்று. தேங்காயெண்ணெயில் குழைத்த உப்பு (அட்டைக் கடிக்கு). ரொட்டி, கட்டச் சம்பல். கித்துள் கருப்பட்டி. மழைக்கோட்டு. உள்ளாடை இரண்டு, காயாது, ஆனாலும். பர்ஹானாவின் தொழுகைத் துணி. வரைபடத்துக்குக் கடையில் கிடந்த பழைய போன், சிம் இல்லை, பொலித்தீன் பைக்குள்.

அட்டைக்குச் சவுக்காரக் கட்டி தேய்த்தால் நல்லது என்கிறார் இவர், என் புருஷன். அவருக்கு எல்லாவற்றுக்கும் சவுக்காரம்.

ஜூன் 19, வியாழன், ரம்புக்கனை

இங்கே மழை இல்லை. மேலே கறுத்துக் கிடக்கிறது. இவர் தன் த்ரீவீலரின் தலையில் இரண்டு சைக்கிளையும் கட்டி, எங்களை உள்ளே திணித்துக்கொண்டு வந்து சேர்த்தார். வழியெல்லாம் பொலிஸ் பிடிக்குமோ என்று பயம். பிடிக்கவில்லை.

போகும்போது சொன்னார்: "முடியலன்னா ஒரு போன் பண்ணு புள்ள. எந்நேரமா இருந்தாலும் வந்துருவேன்."

போன வருஷமும் இதையேதான் சொன்னார். சொன்ன மாதிரி இரத்தினபுரி வரை வந்து என்னை அள்ளிக்கொண்டும் போனார். நல்ல மனுஷன்தான். ஆனால் 'முடியலன்னா' என்பதை விட்டுவிட்டு ஒரு வாக்கியம் பேச வராதா? "முடிஞ்சதும் போன் பண்றேன்" என்றேன் வெடுக்கென்று. முகம் சுருங்கிப் போய்விட்டார். பிறகு பாவமாக இருந்தது.

மாலையில் மண்டபத்தில் விதிகள் சொன்னார்கள், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். எனக்குச் சிங்களம் போதும். மாலை ஆறுக்கு மேல் ஓடக்கூடாது, மண்சரிவு எச்சரிக்கை. இரவு அவர்கள் சொல்லும் இடத்தில் தங்க வேண்டும், ஆறுக்குள் அங்கே வராவிட்டால் வெளியே. ஞாயிறு மாலை ஆறுக்கு எம்பிலிப்பிட்டிய வாசல் மூடும். வரைபடத்துக் கோட்டில்தான் போக வேண்டும். கோட்டை விட்டு விலகினால், விலகிய இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி தொடங்க வேண்டும்.

ஜோடிக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. என் சீட்டுக்கு அடியில் கட்டியாயிற்று. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது யார் போனிலும் ஒரு புள்ளியாகத் தெரியுமாம். தர்ஷினியிடம் போனில் சொன்னேன்.

"அம்மா, நீங்க புள்ளியா வருவீங்களா? என்னா கலர்?"

தெரியவில்லை. விசாரிக்க வேண்டும்.

ஒரு கொழும்பு அம்மா, சைக்கிள் பளபளவென்று, என்னிடம் வந்து தேநீர் எங்கே என்று கேட்டாள். சமையல்காரி என்று நினைத்துவிட்டாள். காட்டினேன். எனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் போட்டி இலக்கத்தைச் சட்டையில் குத்தினேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மலையேறும் ரயிலின் சத்தம். தூக்கம் வரவில்லை. பயம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பயம்தான்.

ஜூன் 20, வெள்ளி, ஒரு பாடசாலை மண்டபம்

எழுத்து கோணல்.

கிளம்பிய அரை மணியில் மழை பிடித்தது. சும்மா மழையா, வாளியால் ஊற்றின மழை. கேகாலைப் பக்கத்து ரப்பர் மலைகள். சேறு பிரேக்குக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. இறங்கிச் சுரண்டு, ஏறு, இறங்கிச் சுரண்டு. ரப்பர் காட்டுக்குள் மட்டும் எனக்குச் சுகம். பால் வெட்டுகிறவர்கள் நடந்து நடந்து போட்ட ஒற்றையடித் தடம் எங்கே இறங்கும், எங்கே வேர் நிற்கும் என்று கண்ணுக்கு முன்னே தெரிகிறது. பளபள சைக்கிள்களை அங்கேதான் தாண்டினோம். மேட்டில் அவர்கள் எங்களைத் தாண்டினார்கள்.

அட்டை. எண்ணவில்லை. பர்ஹானாவின் கண் இமையில் ஒன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "எடுங்கோ அக்கா, நா பாக்கமாட்டன்" என்று நின்றாள். விழுந்து எலும்பு முறிந்தாலும் சத்தம் போடமாட்டாள், அட்டைக்கு மட்டும் நடுக்கம்.

ஒரு ஓடை தாண்டும்போது என் போன் சட்டைப்பையிலிருந்து விழுந்து போய்விட்டது. பார்த்துக்கொண்டே நின்றேன், பாக்குக் கொட்டை மாதிரி உருண்டு போனது. போகட்டும். புள்ளி தெரிகிறதே, இவர் பார்த்துக்கொள்வார்.

ருவான்வெல்லைக்குக் கிட்ட எங்கள் தோட்டத்துச் சந்தி. வேலை இல்லாத நாள், லயமே வந்து குடைபிடித்து நிற்கிறது. "ஏ அரைப்பேரு! மிதிடி! மிதிடி!" என்று பீலிக்காரிகள் எல்லாம் ஒரே கத்தல். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "வர்றேன்டி, வந்து பேசிக்கிறேன்" என்று கத்தினேன். தர்ஷினி இவர் தோளில். கையைத்தான் காட்ட முடிந்தது. நின்றால் கிளம்பமாட்டேன்.

பஜாரில் காசிம் நானா. வாழைப்பழச் சீப்பு, போத்தலில் பிளேன்டீ. ஓடிக்கொண்டே மகளின் பின்சில்லைத் தட்டிப் பார்த்தார், காற்று இருக்கிறதா என்று. "போங்கோ, போங்கோ. அல்லாஹ்ட காவல்."

ஆறுக்கு முன்பே மண்டபம் வந்தாயிற்று. நிறையப் பேர் இன்றைக்கே நின்றுவிட்டார்கள். தேநீர் கேட்ட அம்மா வந்துவிட்டாள், முட்டியில் கட்டு. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும்.

பர்ஹானா மேசை மறைவில் தொழுகிறாள். நான் அவள் செயினுக்கு எண்ணெய் போடுகிறேன்.

ஜூன் 21, சனி, தேயிலை ஸ்டோர் மாடி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை. முதலில் நல்லது.

காலையில் ஆறு கரை தாண்டி ஓடியது. சிறு பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர். ஊர்க்காரர்கள் கயிறு கட்டிப் பிடித்துக்கொள்ள, சைக்கிளைத் தோளில் போட்டு அக்கரைக்குப் போனோம். அக்கரையில் மாணிக்கக் குழிகள். மழைக்கு வேலை நிறுத்தி, தார்ப்பாய்ப் படங்கின் கீழ் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களையும் கூப்பிட்டுப் பிளேன்டீ கொடுத்தார்கள். எங்கள் கோலத்தைப் பார்த்து ஒருவர் சிங்களத்தில் சொன்னார், இரண்டு பேரையும் கழுவிப் பார்க்க வேண்டும், மாணிக்கம் இருந்தாலும் இருக்கும் என்று. இதுவரை யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை!

பிறகு இரத்தினபுரி. போன வருஷம் நான் சுருண்டு கிடந்த மதகு. பர்ஹானா வேகத்தைக் குறைத்து என் முகத்தைப் பார்த்தாள். "பாக்காத, மிதி" என்றேன். தாண்டிவிட்டேன். அதற்கு அப்புறம் வந்த ஒவ்வொரு கல்லும் எனக்குப் புதுசு. பாட்டுப் பாடினேன். என் பாட்டைக் கேட்டு ஒரு நாய் ஓடியது.

இனிக் கெட்டது.

தேயிலை மலை. மேலே போகப் போகப் பனிமூட்டம், முன்சில்லுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நான் முன்னால், பர்ஹானா பின்னால். மழைக்குப் பயந்து வரைபடப் போனைப் பைக்குள் வைத்திருந்தாள். உச்சியிலிருந்து இறங்கும்போது கார்ட் ரோடு இடப்பக்கம் வளைந்து போனது. நேர் எதிரே, தேயிலை நிரைகளுக்கு நடுவே, மண்ணில் வெட்டிய குறுக்கு. நான் யோசிக்கவே இல்லை. கை தானாகத் திரும்பியது. தோட்டத்தில் பிறந்தவள் யார் கார்ட் ரோட்டில் போவாள்? அது லொறிக்கும் தொரையின் ஜீப்புக்கும். கால் உள்ளவர்களுக்குக் குறுக்கு. பள்ளிக்கூடத்துக்கு, பிரட்டுக்கு, கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு, எல்லாவற்றுக்கும் குறுக்குத்தான்.

என்ன அழகாக இறங்கினேன்! படிக்கட்டு மாதிரி வெட்டு, வழுக்கல், ஒரு இடத்திலும் கால் ஊன்றவில்லை. கீழே லயம். ஒரு அம்மா விறகை மூடிக்கொண்டிருந்தார். எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"எங்கிருந்தும்மா வர்றீங்க?"

"மேலருந்துதாங்க. சைக்கிள் ஓட்டம்."

"சைக்கிள்லாம் கார்ட் ரோட்டுலல்ல போச்சு. கோயிலச் சுத்திக்கிட்டு, அந்த மலைக்குப் போயி."

பர்ஹானா போனை எடுத்தாள். கோடு மலையைச் சுற்றிப் பெரிய வளையமாகப் போகிறது. நாங்கள் அந்த வளையத்தையே வெட்டிவிட்டு, அதன் அடியில் நிற்கிறோம். இனி மேலே போய், கார்ட் ரோட்டைப் பிடித்து, முழு வளையத்தையும் சுற்றி வர வேண்டும். மதியம் தாண்டிவிட்டது.

தண்ணீர் ஓடும் கானில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல், வாய்விட்டு. அழுதுகொண்டே சண்டையும் போட்டேன். "இது பாதை இல்லையா? நாங்க பொறந்ததுலருந்து இதுலதான் போறோம். பாதைன்னா லொறி போறது மட்டுந்தானா? யாரு பாக்கப் போறா? இப்பிடியே போயிருவோம்."

அந்தச் சண்டையில் பாதி எனக்கு இன்னும் நியாயமாகத்தான் படுகிறது.

பர்ஹானா கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு: "நீங்க செல்றது சரி. ஒங்கட பாதை நல்ல பாதைதான். ஆனா நாங்க கையெழுத்துப் போட்டது மத்தப் பாதைக்கு. நீங்க அழுது முடிங்கோ. நா சேத்தச் சுரண்டுறன்."

சுரண்டினாள். இரண்டு சைக்கிளுக்கும். எனக்கு அழக்கூட முடியாமல் போய்விட்டது. விறகுக்கார அம்மா ஆளுக்கு ஒரு கோப்பை சாயத் தேநீர் கொடுத்தார், "ஏறுங்க, ஏறுங்க, கால் இருக்கைல என்னா" என்றார்.

ஏறினோம். இறங்க எடுத்த நேரத்தைப் போல எத்தனை மடங்கோ. சைக்கிளைத் தோளில் சுமந்து, தேயிலைச் செடியைப் பிடித்துப் பிடித்து. விலகிய இடத்தில் கால் வைத்து, கார்ட் ரோட்டில் சுற்றினோம். கோயிலைத் தாண்டினோம். கும்பிட நேரமில்லை, மணியை மட்டும் அடித்தேன். சைக்கிள் மணியை.

இரவு தங்கச் சொன்ன தேயிலை ஸ்டோருக்கு வந்தபோது அதிகாரி கதவருகே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "ஹரி அக்கே, ஹரி, ஹரி" என்றார். சரி, உள்ளே வந்தாயிற்று என்று அர்த்தம். ஆறு அடிக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் யாரும் வரவில்லை.

கருவியின் விளக்கு அணைந்து கிடக்கிறது. எப்போது போனதோ. தண்ணீர் உள்ளே போயிருக்கும். மாற்றுக் கருவி அவர்களிடம் இல்லை. எங்கள் பெயரைக் குறித்துக்கொண்டு, பரவாயில்லை, ஓடலாம் என்றார் அதிகாரி. வீட்டுக்குப் பேச அவர் போனையும் நீட்டினார். வேண்டாம் என்றேன். இவர் குரலைக் கேட்டால், தர்ஷினியின் இருமலைக் கேட்டால், நாளைக்குக் கிளம்பமாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

உடம்பில் வலிக்காத இடம்: இடது காது.

ஜூன் 22, ஞாயிறு, எம்பிலிப்பிட்டிய

விட்டு விட்டு எழுதுகிறேன்.

காலையில் மலையை விட்டு இறங்க இறங்க மழை நின்றது. பிறகு மேகம் போனது. பிறகு வெயில். இந்தப் பக்கத்தில் மழைக்காலமே கிடையாது போல. தேயிலை போய், ரப்பர் போய், வாழை, கரும்பு, வாய்க்கால், வெள்ளை மண் ரோடு. மூன்று நாளாக ஈரத்தில் ஊறின துணி அரை மணியில் காய்ந்து அப்பளமாகிவிட்டது. முதலில் சந்தோஷப்பட்டோம். பிறகு தண்ணீர் தீர்ந்தது.

ரோட்டில் யானை லத்தி. புதுசு. அந்த ஒரு துண்டில் நாங்கள் ஓடின வேகம் போட்டியில் வேறு யாரும் ஓடியிருக்கமாட்டார்கள்.

மதியத்துக்கு மேல் பர்ஹானா பேசாமல் வந்தாள். எப்போதும் பேசமாட்டாள், ஆனால் இது வேறு பேசாமை. முகம் சிவந்து, வேர்வையே இல்லை. ஒரு புளியமர நிழலில் சைக்கிளை மெதுவாகச் சாய்த்து வைத்தாள், யாரோ கடைக்குப் பழுதுபார்க்கக் கொடுத்த சைக்கிள் மாதிரி. உட்கார்ந்தாள்.

"அக்கா, நா இதோட நிக்கிறன். மாப் பண்ணுங்கோ."

முக்காட்டோடு சேர்த்து வாய்க்கால் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். இன்னும் ஊற்றினேன். கடைசிக் கருப்பட்டியை உடைத்து வாயில் வைத்தேன். வாழைத்தோட்டத்துக் காவல்காரர் ஒருவர் இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார், கேட்காமலே. இரண்டு குடித்தாள். கண் கொஞ்சம் தெளிந்தது.

ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அப்போது எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாவம் பார்க்க வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

"போன வருஷம் எனக்காக நீ நின்ன. நல்ல புள்ள. இந்த வருஷம் ஒனக்காக நான் நிக்க மாட்டேன். அவ்வளவு நல்லவ இல்ல நான்."

என்னை அண்ணாந்து பார்த்தாள். சிரித்தாள், உதடு வெடித்து ரத்தம். "ஒங்களோட வாரதுக்கு யானையோட வரலாம்" என்றாள். எழுந்தாள்.

பழைய டியூப் ஒன்றை அறுத்து, என் சீட்டுக் கம்பியிலிருந்து அவள் ஹேண்டிலுக்குக் கட்டினேன். ஜோடி ஒன்றை ஒன்று இழுக்கலாம், விதியில் உண்டு. மேட்டில் இழுத்தேன், சமதளத்தில் அவளே மிதித்தாள். பாரத்துக்கு ஆள் வேணும் என்றாரே நானா, யார் யாருக்குப் பாரம் என்று இப்போது கேட்க வேண்டும். தொடை எரிந்தது, பல்லைக் கடித்தேன், பல்லும் வலித்தது.

எம்பிலிப்பிட்டிய டவுன். சந்தை கலைந்து கொண்டிருந்தது. பஸ்காரன் ஹோன் அடிக்கிறான், மரக்கறிக்காரர்கள் விலகுகிறார்கள், யாரோ "யமு யமு!" என்று (போவோம், போவோம்) கத்துகிறார்கள். மைதானம் தெரிந்தது. ஒலிபெருக்கி வயரைச் சுற்றிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு நின்றார்கள். முடிவு வளைவுக்குக் கீழே சைக்கிளும் ஆளும், இரண்டு பேரும், டியூப் இன்னும் கட்டியபடி.

ஆறு ஆகவில்லை.

முடித்துவிட்டோம். மறுபடி எழுதுகிறேன். முடித்துவிட்டோம்.

கழுத்தில் ஏதோ மாட்டினார்கள். வந்து சேர்ந்தவர்களில் நாங்கள் கடைசி. தேநீர் கேட்ட அம்மா ஓடி வந்து கட்டிக்கொண்டாள், சேற்றோடு. நான் தரையில் உட்கார்ந்து ஊமை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேனாம், பர்ஹானா சொல்கிறாள். அவள் இப்போது ஹெல்மெட்டோடு தூங்குகிறாள்.

நேரம் குறிப்பவரிடம் போன் வாங்கி இவருக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் பஸ் ஸ்டாண்ட் இரைச்சல், மழைச் சத்தம்.

"யாரு?"

"நாந்தாங்க."

"மகேஸு! எங்க புள்ள இருக்க? ஒடம்புக்கு என்னா? நேத்துப் புள்ளி திரும்பி மேல ஏறுனிச்சு, அதோட நின்னு போச்சு. சரி, இந்த வருஷமும் முடியாம திரும்பிட்டான்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன். காசிம் நானா கருவிதான் பழுதுன்னாரு, நான் நம்பல. விடியவே வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். புள்ளி நின்ன அந்தக் கோயில் முடக்கு வரைக்கும் போயி லயம் லயமா கேட்டுட்டு, இப்ப இரத்தினபுரி ஸ்டாண்டுல நிக்கிறேன். கம்பளி கொண்டாந்துருக்கேன். அழாத. போன வருஷம் மாதிரிக் கூட்டிட்டுப் போயிருவேன். எங்க நிக்கிற, அதச் சொல்லு."

"எம்பிலிப்பிட்டியவுல."



"அங்க எப்பிடிப் போன?"

"சைக்கிள்லதாங்க" என்றேன்.